அறுபத்தெட்டாவது நிமிடத்து நெஞ்சுவலி

நெஞ்சு வலித்தால் எழுந்திருங்கள். இதை எழுதுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்கு இல்லை. ஆட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உங்கள் அணி ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்திருங்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளை விமானத்தடிக்கு இழுத்துப் போகும் டிராக்டரை இருபத்தாறு வருஷம் ஓட்டியவன். நான் கால் வைத்தே அறியாத ஓர் இங்கிலாந்து ஊரின் கால்பந்தாட்டத்துக்காக, இதயத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பாசிர் ரிஸ்ஸில் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. ஹாலில் மூன்று பேர் உட்காரும் பழைய சோபா ஒன்று உண்டு. வலது ஓரம் எனக்கு. நடு இடம் செல்வாவுக்கு. கைப்பிடி ஆடுகிற இடது ஓரம் என் மனைவி வசந்திக்கு. செல்வா என்னோடு சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவன், என்னைவிட ஆறு வயது இளையவன். இப்போது கிளமெண்டியில் இருக்கிறான். அவன் வீட்டில் என்னுடையதைவிடப் பெரிய டிவி இருக்கிறது. ஆனாலும் ஆட்டம் என்றால் எம்ஆர்டி ரயிலில் ஏறித் தீவின் மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்துவிடுவான். அந்த நடு இடத்தில் அவன் உட்காராத நாளில் நாங்கள் தோற்போம் என்று அவனுக்கு நம்பிக்கை. எனக்கும்தான்.

எங்கள் சோபாவுக்கு ஒரே ஒரு சட்டம். அணி முன்னணியில் இருக்கும்போது யாரும் எழக்கூடாது. பாத்ரூம் கூடாது, தண்ணீர் கூடாது. காலை மடக்கியிருந்தால் மடக்கியபடியே இருக்க வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இந்த ஊரில் இப்படி எத்தனை வீடுகள் என்று எனக்குத் தெரியும். சீசன் முடியும்வரை சட்டையைத் துவைக்காதவனைத் தெரியும். மச்சினன் பாத்ரூமில் இருந்தபோது கோல் விழுந்தது என்பதற்காக, மீதி ஆட்டம் முழுக்க அவனை உள்ளேயே இருக்கச் சொன்னவனையும் தெரியும். அங்கே ஆடுகிற பதினோரு பேருக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. கத்தினாலும் காதில் விழாது. இவ்வளவு தூரத்திலிருந்து நாங்கள் வேறென்ன செய்ய முடியும்? அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்களால் முடிந்த உதவி.

அது ஒரு சனிக்கிழமை. அங்கே மதிய ஆட்டம், நமக்கு இரவு எட்டரை. முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டோம், எல்லோரும் அவரவர் இடத்தில் உறைந்துபோனோம். இரண்டாம் பாதியில், திரையின் மூலையில் அறுபத்தெட்டு என்று இருந்தபோது, நெஞ்சு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. மதியம் சாப்பிட்ட மட்டன் பிரியாணி என்று நினைத்தேன். அப்புறம், ஒரு கோல் வித்தியாசத்தில் முன்னணியில் இருக்கும்போதெல்லாம் நெஞ்சு இறுகுவது எனக்கு வழக்கம்தானே என்று நினைத்தேன். அந்த வழக்கம்தான் என்னை ஏமாற்றியது. இடது கை கனத்தது. தாடைக்குள் வலித்தது. பனியன் நனைந்துவிட்டது.

"ஏங்க, என்ன இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடுதே," என்றாள் வசந்தி.

"ஒண்ணுமில்ல."

"கேஸா இருக்கும்ண்ணே," என்றான் செல்வா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும். மேட்ச் முடியட்டும் லா, இன்னும் கொஞ்ச நேரந்தானே."

வசந்தி கைப்பிடிமேல் கிடந்த துண்டை எடுத்து, செல்வாவுக்கு முன்னால் கையை நீட்டி, என் நெற்றியைத் துடைத்தாள். எட்டவில்லை. இன்னும் சாய்ந்து, இன்னும் நீட்டித் துடைத்தாள். அப்போது எனக்கு அது எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அவள் கை திரையை மறைத்தது.

எண்பதாவது நிமிடத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டான். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் அவனிடம் ஓடினார்கள். நேரம் கடத்தத்தான் உருள்கிறான் என்று உலகத்துக்கே தெரியும். "படுடா கண்ணு, இன்னும் ரெண்டு நிமிஷம் படு," என்று நான் முனகினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் முனகினேன். பிறகு எதிரணிக்குப் பெனால்டியா இல்லையா என்று நடுவர் வீடியோவில் போய்ப் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இல்லை என்றார். கூடுதல் நேரம் பதினோரு நிமிடம் என்று பலகையைத் தூக்கினார்கள். அந்தப் பதினோரு நிமிடமும் உட்கார்ந்திருந்தேன்.

விசில் அடித்தது. செல்வா துள்ளிக் குதித்தான். நானும் எழுந்தேன், முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தேன், பிரியாணி முழுவதும் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். "குளிச்சிட்டு வர்றேன், டாக்ஸில போலாம்," என்றேன். வசந்தி ஃபோனைக் காதில் வைத்தபடியே, "வாய மூடுங்க!" என்று கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கத்தியது அதுவே முதல் தடவை.

ஆம்புலன்ஸில் வந்த பெண் என் நெஞ்சில் வயர்களை ஒட்டி ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனையோடு பேச ஆரம்பித்தாள். அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன். ஒரு மாத்திரையைக் கொடுத்து மெல்லச் சொன்னார்கள். பதினோரு மாடியும் லிஃப்ட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

மாரடைப்பு என்றால் இதுதான்: இதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்புகிறது, அதற்கும் இரத்தம் வேண்டும், அதைக் கொண்டுவர மூன்று முக்கியக் குழாய்கள் உண்டு. எனக்கு அதில் முன்பக்கம் வருகிற பெரிய குழாய் கொழுப்பும் இரத்தக்கட்டியும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. அடைத்த நிமிடத்திலிருந்து அந்தப் பக்கத்துத் தசை செத்துக்கொண்டே வரும். அதனால்தான் எல்லோரும் வந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள், வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று.

அவசரப் பிரிவில் கேட்டவர் ஓர் இளம் மலாய் டாக்டர். நான் யோசிக்காமல், "சிக்ஸ்டி எய்த் மினிட்," என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எந்த ஆட்டம் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. விரல் விட்டு எண்ணினார். தொண்ணூறுக்கு இன்னும் இருபத்திரண்டு, அதன்மேல் பதினோரு நிமிடம், அதன்மேல் வாந்தி, ஆம்புலன்ஸ், பயணம். "அங்கிள், ஃபுல் டைம் வரைக்கும் வெயிட் பண்ணீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையை ஆட்டினேன். எழுதிக்கொண்டார். என் வாழ்நாளில் யாரும் என்னைத் திட்டாமல் அவ்வளவு கேவலப்படுத்தியதில்லை.

பிறகு குளிர்ந்த ஓர் அறை. மயக்க மருந்து கிடையாது, மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி. அங்கிருந்து மெல்லிய கம்பியை இதயம்வரை விட்டு, அடைத்த இடத்தில் குட்டி பலூனை ஊதி வழிசெய்து, மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க ஸ்டென்ட் வைப்பார்கள். ஸ்டென்ட் என்பது பேனா ஸ்பிரிங் அளவுக் கம்பிவலைக் குழாய். பக்கத்தில் பெரிய திரையில் என் இதயம் கறுப்பு வெள்ளையில் துடித்தது. தலையைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்றைக்கு நான் பார்த்த இரண்டாவது திரை அது.

வார்டில் ஆறு கட்டில்கள். நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு திரும்பிப் படுக்க முடியாது. எதிர்க்கட்டில் சீனப் பெரியவர் விடாமல் இருமினார். இரத்தம் எடுக்க ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்தார்கள். இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் ஒரு பொருள் கசியும், அதன் அளவை வைத்துச் சேதத்தைக் கணக்கிடுவார்கள். என்னுடையது ஏறிக்கொண்டே போனது. திருச்சிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி ஊசியை எடுத்துக்கொண்டே, "சார், நெஞ்ச புடிச்சுக்கிட்டே ஃபுல் மேட்ச் பாத்தது நீங்கதானா?" என்று கேட்டாள். வார்டு முழுக்கப் பரவிவிட்டது. பேர் வாங்க எனக்கு இதுதான் கிடைத்தது.

மகள் ப்ரியா வேலை முடிந்து வந்து, என் கால்மாட்டில் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டாள். குனிந்து வெட்ட என்னால் முடியாது என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். வெட்டி முடித்துத் தாளில் மடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் யாரோட மேட்ச்னு மட்டும் என்கிட்ட கேட்டுறாதீங்கப்பா," என்றாள். கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எக்கோ எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைப்பார்களே, அதே கருவியை நெஞ்சில் வைத்து இதயம் எப்படி அசைகிறது என்று பார்ப்பது. நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் இருக்கும் இரத்தத்தில் பாதிக்கும் மேலே வெளியே தள்ள வேண்டுமாம். என்னுடையது மூன்றில் ஒரு பங்கைத்தான் தள்ளியது. முன்பக்கச் சுவர் அசையவே இல்லை. பெரிய டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். என் மனசு முழுக்க டிராக்டரில் இருந்தது. விமானங்களுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறவனுக்குத் தனி அனுமதி வேண்டும், அதற்கு உடம்பு சரியென்று டாக்டர் எழுதித் தரவேண்டும். அதைக் கேட்டேன்.

இப்போது முடியாது என்றார். மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி எக்கோ பார்க்கலாம், சில பேருக்குத் தேறும், அதை வைத்துத்தான் கம்பெனிக்கு எழுத முடியும்.

"சீக்கிரம் வந்திருந்தா?"

"நல்லா இருந்திருக்கும். எவ்வளவு நல்லான்னு சொல்ல முடியாது," என்றார் ஆங்கிலத்தில். நல்ல மனுஷி, பொய் சொல்லவில்லை.

அன்று மதியம் வசந்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே கொதித்தது. யார்மேலாவது கொட்ட வேண்டும், பக்கத்தில் இருந்தது அவள்தான்.

"நான்தான் புத்தி கெட்டு உக்காந்திருந்தேன். நீயாச்சும் எந்திரிச்சு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல?"

அவள் கை நின்றது.

"எந்திரிச்சா கோல் விழும்னு சொல்வீங்க."

"உசுரு போற நேரத்துல கோலா?"

"அந்த ஃபைனல் ஞாபகம் இருக்கா? குக்கர் விசில் அடிக்குதேன்னு எந்திரிச்சேன். அடுப்ப அணைச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள கோல் விழுந்திருச்சு. செல்வா முன்னால, செல்வாவோட மச்சான் முன்னால என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. உண்மையிலேயே இல்லை. குக்கர்கூட ஞாபகம் இல்லை. அந்தக் கோல் மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போதும் சொல்வேன்.

"சனியன்னு சொன்னீங்க. அஞ்சு நாள் பேசல. வச்ச சோத்தத் தொடல." ஒரு சுளையிலிருந்து கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டாள். "அன்னிக்கு உங்களுக்கு வேர்த்ததும் எந்திரிக்கத்தான் பாத்தேன். கோல் விழுந்தா விழட்டும்னுதான் நெனச்சேன். கால் வரல."

அப்போதுதான் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. எட்டாத நெற்றியை ஏன் உட்கார்ந்தபடியே எட்டி எட்டித் துடைத்தாள் என்று புரிந்தது. அவளுக்கு அந்த அணியின் ஒரு ஆட்டக்காரன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. இருந்தாலும் என்னோடு இத்தனை வருஷம் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள், எனக்குப் பிடிக்கும் என்பதற்காக. அந்த மனுஷியைப் பயந்து உட்காருகிறவளாக ஆக்கி வைத்தது நான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் நெஞ்சு வயர் மாட்டிய மிஷின் கத்தும் என்று அடக்கிக்கொண்டேன். அவள் ஆரஞ்சுச் சுளையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

செல்வா மறுநாள் வந்தான். லிட்டில் இந்தியா கோவிலில் அர்ச்சனை செய்து, திருநீற்றைப் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்திருந்தான்.

"யார் பேருக்குடா போட்ட?"

"உங்க பேருக்குத்தாண்ணே." கொஞ்சம் நெளிந்தான். "கூடவே டீமுக்கும் ஒண்ணு. ஐயர் நட்சத்திரம் என்னன்னு கேட்டாரு. சாமி பேருக்கே போட்டுருங்கன்னுட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், சிரித்துவிட்டேன், வலித்தது. அவன் குனிந்து என் காதருகே சொன்னான்: "அண்ணே, ஒண்ணு சொல்லவா? நீங்க அன்னிக்கு அசையாம இருந்தீங்க பாருங்க, அதனாலதான் அந்தப் பெனால்டி நமக்கு எதிரா போவல. எழுதி வச்சுக்குங்க."

கன்னத்தில் ஒன்று விடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எல்லோரும் தலையில் அடித்துக்கொண்ட அந்த வாரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே வார்த்தை அதுதான். போனது போயிற்று, சும்மா போகவில்லை, ஒரு ஆட்டத்தையாவது ஜெயித்துக் கொடுத்தேன். படித்தவன் நம்பமாட்டான். நான் நம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உள்ள மூன்று மாதத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஐந்து மாத்திரை, இரவில் மூன்று. உப்பில்லாத குழம்பு. எனக்காக வசந்தியும் ப்ரியாவும் அதையே சாப்பிட்டார்கள், முகத்தைச் சுளிக்காமல். ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி என் காதுபட இருவரும் பேசவே இல்லை. சேமிப்பில் கழித்தது போக மீதியைப் ப்ரியா கட்டினாள் என்று பிறகுதான் தெரிந்தது. பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் நடந்தேன். முதல் வாரம் இரண்டு பெஞ்ச் தூரம், கடைசி வாரம் பூங்காவின் பாதி தூரம். தலைக்குமேல் விமானங்கள் போகும்போது எந்தக் கம்பெனிச் சரக்கு விமானம் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன். எழுபது வயது ஆட்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள்.

மறுபடி எக்கோ. கிளினிக்கில் நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். உட்காருவதில்தான் எனக்கு அனுபவம் அதிகமாயிற்றே. டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "லிட்டில் பிட் பெட்டர்," என்றார். பிறகு தலையை ஆட்டினார். கொஞ்சம் தேறியிருக்கிறது, வண்டிக்குப் போதாது. முன்பக்கச் சுவர் தழும்பாகிவிட்டது, இனி அசையாது. கம்பெனிக்கு அப்படியே எழுதிக் கொடுத்தார்.

கம்பெனியில் கெட்டவர்கள் இல்லை. சரக்குக் கொட்டகைக் கவுண்டரில் தாள்களுக்கு முத்திரை குத்தும் வேலை கொடுத்தார்கள். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி. என் டிராக்டரை வேறொருவன் ஓட்டிப்போவது அதில் தெரியும். வளைவில் பிரேக்கை அதிகம் அழுத்துகிறான். சொல்லலாம் என்று நினைப்பேன், சொல்வதில்லை.

வேலையை மாற்றிக் கம்பெனிக் கடிதம் வந்த வாரத்துச் சனிக்கிழமை ஆட்டம் இருந்தது. செல்வா கிளமெண்டியிலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்தான். வசந்தி இடது ஓரத்தில். இரண்டாம் பாதி தொடங்கியதும் ஒரு கோல் போட்டோம். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. திரையின் மூலையில் நிமிடங்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வந்ததும் எழுந்தேன்.

"அண்ணே! என்ன பண்றீங்க? உக்காருங்க லா!" செல்வா என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கையைத் தட்டிவிட்டேன். வசந்தி இரண்டு கையாலும் ஆடுகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

சமையலறைக்குப் போனேன். ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தேன். குடிக்கவில்லை. சிங்க் ஓரமாக நின்று ஹாலின் பக்கம் காதை வைத்துக்கொண்டு கோல் விழவேண்டும் என்று வேண்டினேன். எங்கள் வலையில். ஒரே ஒரு கோல். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த அணிக்காக வேண்டியவன், அன்றைக்குத்தான் அதற்கு எதிராக வேண்டினேன். விழுந்துவிட்டால் போதும். நான் எழுந்ததால் விழுந்தது என்று செல்வா கத்தட்டும், திட்டட்டும். அப்படியானால் அன்றைக்கு நான் உட்கார்ந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும். என் டிராக்டர் போனதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து என்று வர்ணனையாளன் சொல்லிக்கொண்டே போனான். நின்றுகொண்டே இருந்தேன்.

விசில் அடித்தது. செல்வா கத்தினான், சந்தோஷத்தில். ஒன்றுக்குப் பூஜ்யம். அன்றைக்கும் அதே கணக்கு.

"பரவால்லண்ணே, நீங்க எந்திரிச்சும் ஜெயிச்சிட்டோம்!" என்று ஹாலிலிருந்து சத்தம் கொடுத்தான். என்ன சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தம்ளரோடு ஹாலுக்கு வந்தேன். வசந்தி இன்னும் எழவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு எந்திரிச்சிருந்தாலும் ஜெயிச்சிருப்பாங்க, இல்லங்க?"

"ஆமா," என்றேன்.